பிள்ளையார் சுழி போட்ட கம்ப்யூட்டர்

உ

பிரிக்ஃபீல்ட்ஸ்

அன்பு மகளுக்கு,

அப்பா நடமாட்டத்தோடு இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியில் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் ஆக்லாந்து குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல, கீழே போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கும் புனிதா எழுதுகிறாள். திட்டு வருகிற இடத்தில் அவளாகத் தேன் தடவக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மாவைப் புதைத்தது எந்த வருஷம் என்று, காப்பாரில் நம் பழைய தோட்டத்து நிலத்தை வாங்கிய கம்பெனி ஆள் கேட்டான். புகைமூட்டத்தில் பட்டப்பகலில் லோரிகள் விளக்குப் போட்டு ஓடிய வருஷம், ரிங்கிட் சரிந்த வருஷம், என் பெண்ணுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்த வருஷம் என்றேன். நம்பர் சொல்லுங்க அங்கிள் என்றான். நம்பரெல்லாம் என் பெண் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருக்கிறாள், கொண்டுவந்து தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டு வந்தேன். அந்த வாய்க்குத்தான் இந்த மூன்று வாரப் பாடு. அங்கே கிடங்கு கட்டப் போகிறார்கள். இடுகாட்டில் இருக்கிற நாற்பத்தொரு குழிகளையும் எடுத்து வேறு இடத்தில் முறையாக அடக்கம் செய்து தருவார்களாம், ஆனால் பெயர், வருஷம், வரைபடத்தில் இடம், அடக்கத்தன்று அங்கே நின்றவர்களில் இன்னும் உயிரோடு இருக்கும் இரண்டு சாட்சி, இத்தனையும் இந்த மாதம் இருபத்தேழாம் தேதிக்குள் வேண்டுமாம். இவை இல்லாத குழியின் மேல் சிமெண்ட் ஊற்றிவிடுவார்கள். அதை அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

விமானம் காணாமல் போன வருஷம், நீ புறப்படுவதற்கு முன்னால், என்னையும் என் தோட்டத்துக் கூட்டாளி அய்யாவுவையும் அந்த இடுகாட்டு வெயிலில் இரண்டு நாள் நிற்க வைத்து, இது யார் குழி அது யார் குழி என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினாயே, அதுதான் இப்போது வேண்டியிருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் செத்துப்போச்சு என்றதற்கு, பெண்டிரைவ்ல எல்லாம் இருக்குப்பா, புதுசுல போட்டா போதும் என்றாய். போட்டால் போதவில்லை. உன்னிடம் நகல் இல்லை, இருக்கிற ஒன்றைத் தபாலில் அனுப்ப எனக்கு மனமில்லை, புனிதா கடைக் கம்ப்யூட்டரோ கிழடு, எதையும் ஏற்காது. அதனால் புதிதாக ஒன்று வாங்கி அவள் கடை மூலையிலேயே வைத்தேன். நீ எழுதின ப்ரோகிராம் துண்டு துண்டாகக் கிடக்கிறதாம், அதையெல்லாம் ஒன்றாகப் பூட்டிக் கொடுக்க பில்ட் டூல் என்று ஒன்றை முதலில் ஏற்ற வேண்டுமாம். அது ஓட அதற்கு முன்னால் ஜாவா என்று இன்னொன்றாம். அதில் புதியதை இறக்கினால் உன் ப்ரோகிராமுக்குப் பழையதுதான் ஒத்துவருமாம். எழுதப் படிக்கத் தெரியாத அப்பனுக்குப் பதினான்கு படி எழுதி அனுப்புகிற பெண் உலகத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். ஏழாவது படியில், டூலை எங்கே வைத்திருக்கிறோம் என்று கம்ப்யூட்டருக்கு வழி எழுதி வைக்கச் சொல்கிறாய். அதன் வயிற்றுக்குள்ளேயே வைத்த சாமானுக்கு அதற்கே வழி சொல்ல வேண்டுமா? சரி, சொன்னோம். கட்டளை எழுதுகிற அந்தக் கறுப்பு ஜன்னலை மூடித் திறந்தால்தான் புது வழி அதற்குத் தெரியுமாம், அதை நீ சொல்லவே இல்லை, ஒரு நாள் முழுக்க அதில் போயிற்று. போனில் கூப்பிட்டால் ரீஸ்டார்ட் பண்ணுங்கப்பா என்கிறாய். அந்தச் சொல்லை இனி என்னிடம் சொல்லாதே. புனிதாவும் வெறுத்துப்போய், அங்கிள், இது கம்ப்யூட்டரா கோயில் மாடா, நாலு பேர் தள்ளினாலும் எந்திரிக்க மாட்டேங்குதுலா என்றாள்.

ஒன்பது தடவை ஓட்டினோம், ஒன்பது தடவையும் சிவப்பு. எனக்கு எழுத்து தெரியாது, உருவம் தெரியும், ஒரு தடவை கண்ணில் பட்டது போகாது. ஒவ்வொரு தடவையும் இரண்டாவது வரியில், சாய்ந்த கோடு ஒன்றுக்கு அடுத்தாற்போல, தூண்டில் முள் மாதிரி வளைந்து கீழே புள்ளி வைத்த ஒன்று அசையாமல் நின்றது. அது என்னம்மா என்றேன். கேள்விக்குறி அங்கிள், அதுக்கு ஏதோ புரியலை என்றாள். அந்த இடத்தில் வேறு என்ன வரணும் என்றேன். கம்ப்யூட்டர் ஓனர் பேரு வரணும் என்றாள். வாங்கின அன்று கடைக்காரன் என்ன பேர் போடட்டும் பாஸ் என்று கேட்டான். புதிய சாமான், எனக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஓர் எழுத்து, ஒரு தாளில் உ போட்டுக் காட்டி இதைப் போடு என்றேன், அவனும் எங்கெங்கோ தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தான். கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொண்டது, தினமும் எழுந்ததும் அந்த உ-வைத்தான் காட்டும். உன் டூலுக்குத் தமிழ் ஆகாதாம், பிள்ளையாரைக் கேள்விக்குறியாக்கி வைத்திருக்கிறது. போனில் சொன்னதும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஐயோ அப்பா, அதை நான் எழுதாம விட்டுட்டேனே என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இருபத்தேழாம் தேதிக்கு எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

புனிதா இங்கிலீஷ் எழுத்தில் வேறு ஓனர் பெயர் போட்டுத் திறந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினாள். உ இல்லாமல் தொடங்க எனக்கு ஒப்பவில்லை, டிவி மாதிரி இருக்கிற அதன் நெற்றியில் சந்தனத்தால் நானே போட்டேன். ஓடியது. எங்கும் சிவப்பே இல்லை. புனிதா மேசையில் அடித்த அடியில் தேத்தண்ணி சிந்திவிட்டது. மூன்று தாள் அச்சில் வந்தது, அவள் வாசிக்க நான் கேட்டேன். நாற்பது குழிக்கும் எப்படியோ இரண்டிரண்டு ஆள் தேறுகிறார்கள். மூன்றாவது வரிசை, வாய்க்கால் ஓரம், இராஜம்மா. சாட்சி அய்யாவு, அமானுல்லா என்று நீ போட்டிருக்கிறாய். இரண்டு பேரும் இல்லை. லோரிக்கார அமானுல்லா கோவிட்டில் போனான், அய்யாவு கிள்ளானில் பெரிய வெள்ளம் வடிந்த மறுமாதம். கம்பெனி ஆள் தாளைப் பார்த்துவிட்டு, நீங்க ஒருத்தர் சரி அங்கிள், இன்னொரு ஆள் யாரு, இல்லாட்டி இந்த ஒண்ணு கஷ்டம் என்றான்.

நான் வீட்டுக்கு வந்து, உன் அம்மாவைப் புதைத்த அன்று அங்கே நின்றவர்களை விரல் விட்டு எண்ணினேன். பதினொரு பேர். என் அக்கா நல்லம்மாள் வாசலில் நின்று, பொட்டப்புள்ளைய இடுகாட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறியே, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சாடா என்று கத்தினாள். நீ என் சட்டையை விடவில்லை. அமானுல்லாதான், நம்ம லோரியில முன்னால உட்காரட்டும்ணே, புள்ளைய நான் பார்த்துக்கிறேன் என்று உன்னைத் தூக்கி ஏற்றினான். குழியருகே நீயே இறங்கி வந்து மண் அள்ளிப் போட்டாய், புகையில அம்மாவுக்குக் கண் எரியுமாப்பா என்று கேட்டாய். அத்தனை பேர் பெயரையும் எழுதத் தெரிந்தவள் உன் பெயரை ஏன் விட்டாய்? அக்காவின் வாய்க்குப் பயந்தாயா, பெண் வந்ததை எழுதக் கூடாது என்று நினைத்தாயா? அவள் போயே எட்டு வருஷமாகிறது.

இருபத்தேழாம் தேதி காலை ஒன்பது மணிக்கு நிலம் அளக்கிறவர்கள் வருகிறார்கள். சாட்சி அந்த இடத்தில் நின்று கையால் காட்ட வேண்டும், இதைத் தபாலில் செய்ய முடியாது. ஆறு வருஷமாக அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்றாய், நான் ஒன்றும் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன். அடையாள அட்டையை மறக்காமல் எடுத்து வா, மூடின செருப்புப் போட்டு வா, அங்கே முள் அதிகம். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா தம்புசாமி

தாளில் இரண்டாம் சாட்சிக்கான காலிக் கட்டத்தில் உன் பெயரைப் பென்சிலால் எழுதப் புனிதாவிடம் சொல்லிவிட்டேன், மையால் எழுத ஆள் வர வேண்டும். பதினொரு பேரில் என்னை விட்டால் உயிரோடு இருப்பது, இராஜம்மா மகள் அமுதவள்ளி.