முகடு எந்தப் பக்கம்

மார்ச் 3

அன்புள்ள குண்டுத் தம்பிக்கு,

புதுக் கூரையின் படம் வந்தது. இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் அதைப் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்து அழுதுவிட்டேன்.

அழுது முடித்துவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்து ஓடுகளை எண்ணினேன். இடது சரிவில் பதினெட்டு வரிசை, வலதில் இருபத்துநான்கு. வாசலில் நின்று பார்த்தால் முகட்டுக்கு இடப்புறம் எனக்கு, வலப்புறம் உனக்கு என்றுதானே அப்பா எழுதிவைத்தார்? முகடு எப்படியப்பா என் பக்கம் நகர்ந்தது? வாசலையே காணோம். எதை மறைக்கிறாய்?

"அவனைப் போய் சந்தேகப்படுறியே" என்கிறார் உன் அத்தான். சந்தேகமெல்லாம் இல்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

உன் அக்கா

மார்ச் 19

அன்பு அக்கா,

நீ ஓடு எண்ணுவாய் என்று தெரிந்திருந்தால் தகரம் போட்டிருப்பேன். முகடு நகர்ந்தது உண்மைதான். ஏன் என்று இப்போது கேட்காதே. லீவில் வந்து உன் பங்கைத் திறந்து பார். எழுத்தில் சொன்னால் ருசி போய்விடும். முழங்கால் எப்படி இருக்கிறது?

குண்டு

ஏப்ரல் 6

தம்பிக்கு,

பேச்சை மாற்றுவதில் நீ சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரன். முழங்காலை விசாரிக்கிறாய், முகட்டைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாய். வக்கீல் நோட்டீஸோடு சர்வேயர் வருவார். முகடு நட்டநடுவில் இருக்க வேண்டும். ஓர் அங்குலம்கூட விட்டுத்தர மாட்டேன்.

அக்கா

ஏப்ரல் 27

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

சர்வேயர் வந்து அளந்தார். எதிர்வீடு பூட்டியிருந்ததால், பின்தெருத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறித்தான் அந்தப் படத்தை எடுத்தேன். அங்கிருந்து பார்த்தால் இடது சரிவு என்னுடையது. இருபத்துநான்கு வரிசையும் உங்களுடையது.

மாடி ஏற முடியவில்லை என்று போன வருஷம் எழுதியிருந்தீர்கள். கீழேயே உங்களுக்கு ஒரு படுக்கையறை போட நாலடி தேவைப்பட்டது. என் பக்கத்திலிருந்து எடுத்தேன்.

"ஒரு வரி எழுதிப் போட்டா அவங்களுக்குப் புரியாதா?" என்றாள் என் மனைவி. எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. நோட்டீஸில் இருந்தபடியே திங்கட்கிழமை ஆட்களை வைத்து ஓடுகளைப் பிரித்து, முகட்டை நடுவுக்கு மாற்றினேன். அந்த அறையும் போயிற்று. இப்போது இரண்டு பக்கமும் இருபத்தொரு வரிசை. இத்துடன் இருக்கும் படம் வாசல் பக்கமிருந்து, எதிர்வீட்டு மாடியில் ஏறி எடுத்தது, எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் பங்கின் சாவி வக்கீலிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டுக்காரன்