அளவை மட்டும் சொல்லலாம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

இங்கே ராணுவ விமானத்தளத்தில் தீயணைப்புப் பயிற்சிக்குக் கொட்டிய நுரையின் நச்சு, சுற்றிலும் உள்ள கிணறுகளில் இறங்கிவிட்டது. நேற்று பக்கத்து வீட்டுக்காரி, ஏழு மாதக் கர்ப்பிணி, எங்கள் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, எங்க கிணத்துத் தண்ணியக் குடிக்கலாமா, கூடாதா?"

தண்ணீரில் எவ்வளவு நச்சு என்று நாங்கள் அளவை மட்டும்தான் சொல்லலாம். மேலே வாய் திறந்தால் வேலை போய்விடும். அளவைச் சொன்னேன்.

"பூஜ்யம் புள்ளிதானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன்!" என்று சிரித்தாள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதே ரொம்ப அதிகம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

நான் கேன் தண்ணீர்தான் குடிக்கிறேன், கவலைப்படாதீர்கள். நம் வீட்டுச் சாவி ஒன்றை அனுப்புங்கள்; திடீரென்று ஊருக்கு வர நேரலாம், சும்மா என் பையில் கிடக்கட்டும்.

இதோ, அவளே வாசலில் நிற்கிறாள். கையில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் போட்ட இரண்டு தம்ளர் டீ, எனக்கொன்று, தனக்கொன்று. முடிக்கிறேன் அப்பா.

உங்கள் மகள்