வாசலுக்குக் கிறவல் போட்ட கிழமை

ஜூலை 7, திங்கள்

கச்சான் காற்று. கொடியில் போட்ட உடுப்பெல்லாம் மணல்.

கேட்டிலிருந்து வீட்டுப் படி வரை அளந்தேன். நாற்பத்திரண்டு அடி. முழுக்கக் கடற்கரை மணல். வாப்பாவின் வீல்செயார் இரண்டடிகூட உருளாது. பாரிசவாதம் வந்த பிறகு இரண்டு மாதம் தங்கச்சி வீடு, இரண்டு மாதம் என் வீடு என்றுதான் பேச்சு. இது நாலாவது மாதம், இன்னும் அங்கேதான். அவள் வாசலில் சிவப்புக் கிறவல் பாதை, சரளை மண் இறுக்கினது. டிப்பரும் ரோலரும் வந்து ஒரே நாளில் போட்டது.

வாப்பா அவள் கையால்தான் சாப்பிடுகிறாராம். மூத்தவள் நான் இருக்கிறேன். வயிறு எரிகிறது, எழுதினால் என்ன.

ஜூலை 8, செவ்வாய்

ஆள் பிடிப்பதா, நாமே போடுவதா. இவருக்கு ஆள் பிடிக்கத்தான் விருப்பம். தங்கச்சிக்குப் பாதை போட்ட கொந்தராத்துக்காரர் அடுத்த கிழமை வருவாராம், வேலை சுத்தமாம். அவர் மட்டும் வேண்டாம் என்றேன். பிறகு, "நான்தான் ஆள் காட்டின" என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிவாள்.

வெள்ளி ஜும்ஆ முடிய வாப்பாவைக் கூட்டி வருவோம் என்று போனில் சொல்லியும் விட்டேன். ஆகவே நாமே.

தேவை: மண்வெட்டி இரண்டு (ஒன்று மாமியிடம் வாங்கலாம்). தள்ளுவண்டி. மகளுக்கு டியூசன் கொப்பி. கீரி மீன் கிடைத்தால்.

ஜூலை 10, வியாழன்

கிறவல் வந்தது. டிப்பர் டிரைவர் சொன்னது: மூன்று மூன்று அங்குலமாகப் பரப்பி, தண்ணீர் ஊற்றி இடித்து, இறுகின பிறகு அடுத்தது. ரோலர் இல்லாமல் கையால் என்றால் நாலைந்து நாள் பிடிக்கும். தங்கச்சியுடையது ஆறு அங்குலம். எனக்கு ஒன்பது வேண்டும், அதுவும் நாளைக்குள். ஒரேயடியாகக் கொட்டிப் பரப்பினோம். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று இவர் முணுமுணுத்தபடி.

உள்ளங்கையெல்லாம் கொப்புளம். பார்வைக்கு அவளுடையதைவிட அழகு.

ஜூலை 11, வெள்ளி

பாதி வழியில் சக்கரம் புதைந்தது. மணலில்கூட இவ்வளவு புதையாது. இவரும் தங்கச்சி மாப்பிள்ளையும் வீல்செயார்க் கதிரையோடு தூக்கினார்கள். வாப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

தங்கச்சி சிரிப்பாள் என்று பார்த்தேன். அழுதாள். குசினிக்குள் அடுப்படிக்கு வந்து சொன்னாள்:

"ராத்தா, வாப்பாவப் பாக்க ஏலாமத்தான் வாசலச் சாட்டுறீங்க எண்டு நினைச்ச நான். நாலு மாசமா நான் ஒழுங்காப் படுக்கல்ல."

இதற்கா இவ்வளவு நாள் பொறாமைப்பட்டேன். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டு அங்கேயே பாயில் தூங்கிப்போனாள்.

ஜூலை 12, சனி

காலையில் வாப்பாவுக்குச் சோறு குழைத்து ஊட்டினேன். இரண்டு வாய். மூன்றாவதுக்கு என் கையைத் தள்ளினார். குழறித்தான் கதைக்கிறார், இது மட்டும் தெளிவாகக் கேட்டது:

"எப்ப மகள்ட ஊட்டுக்குப் போற?"

"இதுவும் உங்கட மகள்ட ஊடுதான் வாப்பா."

அவர் கேட்டைப் பார்த்தபடி இருந்தார்.

கொந்தராத்துக்காரரைக் கூப்பிட்டு ரோலர் விடுவோமா என்று இவர் கேட்டார். வேண்டாம், கொஞ்ச நாள் அப்படியே கிடக்கட்டும் என்றேன். இப்படிக் கிடந்தால் வாப்பாவின் கதிரை வெளியேயும் போகாது.