சைக்கிளின் சுகம்

மானிப்பாய்
14.8.1991

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் இருமல் குறைந்துவிட்டதா? சைக்கிளும் சுகம்.

நேற்று நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தது. எல்லோரும் சைக்கிள்களை வீதியில் போட்டுவிட்டு மதகுக்கு அடியில் புகுந்தார்கள். நீங்கள் காணி விற்று எனக்கு வாங்கித் தந்த றலி சைக்கிளை நான் போடவில்லை. இடம் போதாததால் அதை உள்ளே தள்ளிவிட்டு வெளியே குப்புறப் படுத்தேன். ரயர் கிழிந்தால் இங்கே வேறு கிடைக்காதே.

பக்கத்து வீட்டு மார்க்கண்டு அண்ணை உள்ளேயிருந்து கத்தினார்: "உதென்ன விசர் வேலை, பிள்ளை? உந்தச் சைக்கிளை எறிஞ்சுபோட்டு உள்ளுக்கை வா! செத்தவீடு உனக்குத்தான் செய்யோணும், சைக்கிளுக்கு இல்லை!"

எல்லோரும் சிரித்தார்கள். குண்டு தூரத்தில்தான் விழுந்தது. எனக்கு முழங்கை மட்டும் உரசியது.

வீட்டுக்கு வந்து உங்கள் கடைசி மூன்று கடிதங்களையும் திரும்ப வாசித்தேன். செயினுக்கு எண்ணெய் விட்டேனா, சைக்கிளை மழையில் விட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அப்பா.

வாசிக்க ஏதாவது புத்தகம் இருந்தால் அனுப்புங்கள். வவுனியாவில் உங்களிடம் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் வாசல் படலையில் நிற்கிறார். "சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடு" என்று உங்கள் கையால் எழுதி அவரிடமே கொடுத்துவிடுங்கள். அதை வாசிக்கும்வரை என்னால் அப்படி ஓட முடியாது.

மகள்
தவமலர்