தாதி லுத்பியாவை மீண்டும் கண் வாட்டுக்கு அனுப்புக

அனுப்புநர்:
திருமதி மேபல் ஹியூபேட்,
ஜம்பட்டா வீதி, கொழும்பு 13.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
அரசாங்க வைத்தியசாலை, கொழும்பு.

விடயம்: துணிக் களஞ்சியத்துக்கு மாற்றப்பட்ட தாதி லுத்பியாவை மீண்டும் கண் வாட்டில் அமர்த்தக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. என் கணவரின் தங்கை கொன்ஸ்ரன்ஸ் மன்னாரிலிருந்து வந்து தங்களிடம் கண் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். மற்றக் கண் முன்பே மங்கல். சிங்களம் தெரியாது. வாட்டில் களவு போகும் என்று அவருடைய அடையாள அட்டையை நான் வீட்டில் வைத்திருந்தேன். தமிழர் பலரும் அப்படித்தான் செய்கிறோம். இந்த நாளில் அட்டை தொலைந்தால் ஆளே தொலைந்த மாதிரி.

2. இதைக் கேட்டறிந்த ஒரே ஆள் தாதி லுத்பியா. சேர்த்த அன்றே, "ஒங்கள கூட்டிட்டுப் போக யாரு வருவாங்க? காட் யார்ட்ட ஈக்குது?" என்று விசாரித்தார். துண்டு வெட்டி வீட்டுக்குப் போகலாம் என்ற பிறகும், வீட்டார் வரும்வரை நோயாளியை அவர் வெளியே விடுவதில்லை. அதுதான் குற்றமாம்! கட்டிலை மறிக்கிறார், கதைத்து நேரம் போக்குகிறார் என்று பொறுப்புத் தாதி முறையிட, தாங்களும் அவரைப் படுக்கை விரிப்பு மடிக்க அனுப்பிவிட்டீர்கள்.

3. மறுநாளே கொன்ஸ்ரன்ஸுக்குத் துண்டு வெட்டினார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண் கட்டோடு வாசலில் விட்டார்கள். சந்திச் சோதனைச் சாவடியில் அட்டை இல்லையென்று பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் அட்டையோடு வந்தபோது கட்டிலில் வேறொருவர். பொறுப்புத் தாதி சிங்களத்தில் "கியா" என்றார். போய்விட்டாராம். எங்கே என்று பார்ப்பது தம் வேலையில்லையாம்! மறுநாள்தான் பொலிஸ் நிலையத்தில் கண்டுபிடித்து, அட்டையைக் காட்டி வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மருந்து விடாமல் கண் சீழ் பிடித்திருந்தது.

ஐயா, ஊசி போடுவது மட்டுமா தாதியின் வேலை? இந்த மனுசி இன்றிரவு எங்கே படுப்பாள் என்று கேட்டால் வைத்தியசாலை இடிந்து விழுந்துவிடுமா?

4. வரும் வியாழன் அந்தக் கண்ணுக்கு மீண்டும் சத்திரசிகிச்சை. பிந்தினால் பார்வை போய்விடும் என்கிறார் டொக்டர். கொன்ஸ்ரன்ஸோ, "போனாப் போகட்டும் மச்சாள். லுத்பியா மிஸ் இல்லாட்டி நான் அங்க வரமாட்டன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். கெஞ்சியும் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன்.

ஆகவே வியாழனுக்கு முன் லுத்பியாவை வாட்டுக்கு அனுப்புமாறு கேட்கிறேன். அவர் மீதான முறைப்பாட்டைப் பிறகு ஆறுதலாக விசாரியுங்கள். அந்தக் கண் காத்திருக்காது. அது போய்விட்டால், இனி கொன்ஸ்ரன்ஸை யார் கைபிடித்துக் கூட்டிப் போவது என்று தங்கள் முன் வந்து நின்று நான் கேட்பேன்.

கோபத்தோடும் மரியாதையோடும்,
மேபல் ஹியூபேட்

கொட்டாஞ்சேனை,
11.05.1998