அம்மா பின்னால் போடச் சொன்ன பந்து

திருப்பாதிரிப்புலியூர்,
திங்கட்கிழமை காலை

அன்பு மகள் எழிலரசிக்கு அப்பா எழுதுவது. பாடலீஸ்வரர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே சுகம், அவள் முழங்கால் வலி கூட இந்த வாரம் தலைகாட்டவில்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் நாங்கள் இன்னும் கையில் தூக்காத என் பேத்தியும் அதேபோல் இருக்க வேண்டும். நேற்று போனில் ஜெயித்துவிட்டோம் என்று சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது, அதுவும் நல்லதுதான், இதையெல்லாம் போனில் சொன்னால் ருசிக்காது. நாசர் பாய் மகள் தஸ்னீம் வியாழக்கிழமை உங்கள் ஊருக்குக் கிளம்புகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். அம்மா கருவாடும் வைக்கப் பார்த்தாள், நியூசிலாந்து ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொண்டு அபராதமும் போடுவார்கள் மாமி என்று தஸ்னீம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள், அதனால் முறுக்கும் இந்தக் கடிதமும் மட்டும்.

பந்தயம் கட்டியது உனக்குத் தெரியாது. பேத்தி பிறந்ததிலிருந்து பாஸ்போர்ட் எடுங்க, போய்ப் பார்த்துட்டு வரலாம் என்று அம்மா நச்சரிப்பதும், மோட்டார் போட யார் இருக்கிறார்கள், மாங்காயை யார் பறிப்பது என்று நான் சாக்கு சொல்வதும் நடந்துகொண்டே இருந்தது. விஷயம் என்னவென்றால் காலமெல்லாம் கடலூர் சிதம்பரம் ரூட்டில் பஸ் ஓட்டியவனுக்கு வேறொருத்தன் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்தால் கால் தானாக பிரேக்கைத் தேடும், அதுவும் அந்த வண்டி ஆகாசத்தில் போனால் எப்படி இருக்கும், நீயே சொல். போன வாரம் அம்மா தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள், சிதம்பரத்துல லான் பௌல்ஸ் ஃபைனல் வருது, ஆட்டம் முடியிற வரிக்கும் நான் சொன்ன எடத்துல நீங்க பந்து போடணும், அப்படிப் போட்டு ஜெயிச்சா நாம நியூசிலாந்து போறோம், தோத்தா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று. நானும் சரி என்றேன். எடுக்க மாட்டேன் என்று சொன்னபோது அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

நீ போன தடவை கொண்டுவந்த பந்துகளோடுதான் போனோம். கல்லூரி மைதானத்தில் விளையாட்டு வாத்தியார் ஆரோக்கியராஜ் சார் புல்லைக் கண்ணாடி மாதிரி வெட்டி வைத்திருந்தார். ஆணும் பெண்ணுமாக ஜோடி ஆட்டம், அம்மா ஸ்கிப், அதாவது எதிர்முனையில் நின்று எங்கே போடுவது என்று கை காட்டுகிறவள், நான் முதலில் உருட்டுகிறவன். உனக்குத் தெரியாததா, ஜாக் என்கிற அந்தச் சின்ன வெள்ளைப் பந்துக்குக் கிட்டே யார் பந்து நிற்கிறதோ அவர்களுக்குத்தான் பாயிண்ட், இதைத் தஸ்னீமுக்கு விளக்கி விளக்கி எனக்கு வாய் பழகிவிட்டது. ஆரம்பத்திலேயே ஒரு கூத்து. அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள் இல்லையா, ஏங்க என்று குரல் கொடுக்க, அடுத்த தடத்தில் மூன்றாம் இடத்துக்கு ஆடிக்கொண்டிருந்த புஷ்பவள்ளி அக்காவும் தன் வீட்டுக்காரரை ஏங்க என்று கூப்பிட, நான் அந்தம்மா காட்டிய கையைப் பார்த்துப் பந்தைப் பாதி வழியில் போட்டுவிட்டேன், அவர் உன் அம்மா கையைப் பார்த்து எங்கேயோ போட்டார். சனம் சிரித்து முடிக்க நேரமானது. அதிலிருந்து அம்மா மஞ்சள் கைக்குட்டையைக் கையில் கட்டிக்கொண்டாள்.

எதிரணி ஸ்கிப் அருள்முருகன், சிதம்பரத்துக்காரர், இஞ்சினியர், ஒரு காலத்தில் கிரிக்கெட்டில் வேகப்பந்து போட்டவராம். ஆட்டம் இழுத்துக்கொண்டே போய்க் கடைசிச் சுற்றில் இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றது. எனக்கு என்ன வேளையோ, முதல் இரண்டு பந்தும் போய் ஜாக்கை அணைத்துக்கொண்டு நின்றன. மூன்றாவதையும் அங்கேயே செருகிவிடலாம் என்று குனிந்தால், அம்மா ஜாக்கைத் தாண்டி நாலடி பின்னால் வெறும் புல்லில் போய் நின்றுகொண்டு கைக்குட்டையை ஆட்டுகிறாள், இங்கே போடுங்க என்று. உன் இளவரசு மாமன் வெளியே இருந்து, மாமா, அக்கா சொல்றதக் கேக்காதீங்க, பந்து வீணாப் போவுது என்று கத்துகிறான். எனக்கும் மனசு வரவில்லை. டிரைவராக இருந்தவரைக்கும் கண்டக்டர் விசிலைத் தவிர எவர் பேச்சையும் கேட்டதில்லை. ஆனால் அந்த மஞ்சள் கைக்குட்டை அசையாமல் அப்படியே நின்றது, பேத்தியை நினைத்துக்கொண்டு அங்கேயே போட்டேன். நாலாவதையும் அதற்குப் பக்கத்தில் போடச் சொன்னாள், போட்டேன். மைதானமே உச்சுக் கொட்டியது.

அப்புறம் ஸ்கிப்புகள் முறை, இரண்டு பேரும் மாறி மாறி நாலு நாலு பந்து, நான் ஜாக் பக்கம் வந்து நின்றேன். என்னைக் கடந்து போகும்போது அம்மா தணிந்த குரலில், அவுரு தோக்கற நெலமைக்கு வந்தா பேண்ட்ல கையத் தொடச்சிக்கிறாரு, தொடச்சா மெதுவா உருட்ட மாட்டாரு, வேகமா அடிச்சிக் கலைச்சிடுவாரு, காலையிலேர்ந்து பாத்துட்டுதான் இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அருள்முருகன் முதல் மூன்றையும் பதமாக உருட்டிப் பார்த்தார், என் இரண்டு பந்தும் வழி விடவில்லை. கடைசிப் பந்தை எடுத்தார், பேண்டில் கையைத் துடைத்தார். பந்து சீறிக்கொண்டு வந்து மோதியதில் என் அழகான இரண்டு பந்தும் மூலைக்கொன்றாகப் பறந்தன, ஜாக் பின்னால் ஓடியது, ஓடி ஓடி, வீண் என்றார்களே அந்தப் பந்தில் லேசாக உரசிக்கொண்டு நின்றது. அதற்குக் கிட்டே எதிரணிப் பந்து ஒன்றுகூட இல்லை.

அம்மா கையில் இன்னும் ஒரு பந்து இருந்தது. இன்னொரு பாயிண்ட் எடுக்கா என்றான் உன் மாமன். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை, எதையும் தொடாத மாதிரி ஓரமாக உருட்டிவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஜெயிக்க இருப்பதே போதும் என்கிற கணக்கு. அருள்முருகன் வந்து கை குலுக்கி, அம்மா, நான் அடிப்பேன்னு எப்படித் தெரிஞ்சுது என்று கேட்டார், அவள் சிரித்தாளே தவிர சொல்லவில்லை. அடுத்த வருஷமும் அவரோடு ஆட வேண்டும் அல்லவா. எனக்குப் பெருமை தாங்கவில்லை எழில், இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியும் இவளுக்கு இப்படி ஒரு பார்வை இருப்பது எனக்குத் தெரியாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது டிரைவர் எப்படி ஓட்டினான் என்று நான் கவனிக்கவே இல்லை, இது நான் பஸ் ஏறின நாளாக நடக்காத காரியம்.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி ஷிப்ட் என்று சாப்பிடாமல் இருக்காதே, குழந்தைக்குத் தலையில் காற்று படாமல் குல்லாய் போடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் உங்கள் க்ளப்பில் சித்திரை மாசம் ஒரு ஜோடிக்கு இடம் பிடித்து வை, பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தாகிவிட்டது. ஜன்னல் ஓரம் அம்மாவுக்கு. ஆகாசத்தில் என் கால் பிரேக்கைத் தேடினால் அவள் கையைப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சொன்ன இடத்தில் பந்து போட்ட உன் அப்பா,
பழனிவேல்

ஸ்கிப் பார்த்துச் சரி சொல்லியாகிவிட்டது: மங்கலம்