சக்கரத்தடியில் வைத்த கல்

மார்ச் 14, 2005

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்காருவதற்கு மன்னிக்கணும். யாரிடம் மன்னிப்பு கேட்கிறேன் என்றுதான் தெரியவில்லை. அவரும் குழந்தையும் தூங்கியாச்சு.

வண்டி வந்துவிட்டது. பாண்டிச்சேரியில் பழசாக வாங்கிய ஆட்டோமேட்டிக் கார். கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையே கிடையாது. அதனால்தான் இது. பெருமுக்கல் பக்கம் லாரி கவிழ்ந்து அவருக்கு இடது கால் முட்டிக்குக் கீழே போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்ததும் முகமே மாறிப்போச்சு. காலமெல்லாம் உப்பு லோடு அடித்த மனுஷன். சரண்யாவை மடியில் வைத்து ஹாரன் அடிக்கவிட்டார்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "ஹேண்ட் பிரேக் போட்டீங்களா?"

"லிவரைப் பார்க்கிங்ல போட்டாச்சு, போதும்டி. உப்புக்காத்துல ஹேண்ட் பிரேக் போட்டா கேபிள் துரு ஏறி அப்படியே புடிச்சிக்கும். இந்த ஊர்ல எவன் போடறான்?"

உண்மைதான். இங்கே எந்த வண்டிக்கும் சக்கரத்தடியில் ஒரு கல்தான்.

ஏப்ரல் 2

கல் வைப்பது என் வேலை. அவரால் குனிந்து எழ முடியாது. வண்டி நின்றதும் இறங்கி, டிக்கியிலிருந்து கருங்கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிறேன். இன்று கல்யாண மண்டப வாசலில், பட்டுப்புடவையோடு. லாரியில் அவருக்குக் கிளீனராக இருந்த கலியபெருமாள் பார்த்துவிட்டு, "என்னாண்ணே, புது கிளீனர் போட்டுக்கினியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 3

கல்லை டிக்கியிலிருந்து எடுத்து வாசலில் போட்டுவிட்டார்.

"இனிமே கல்லு வேணாம்."

"அப்போ ஹேண்ட் பிரேக் போடுங்க."

"அதுவும் வேணாம்."

இன்றைக்குப் பேசிய பேச்சு மொத்தமும் இதுதான்.

ஏப்ரல் 20

கூனிமேட்டு மெக்கானிக் பாயிடம் போனோம். நானே கேட்டுவிட்டேன். "தெனம் போட்டுத் தெனம் எடுத்தா ஏம்மா புடிக்குது? தொடாம வுட்டாத்தான் புடிக்கும். ஆனா மழையில போட்டு நாலு நாள் வுட்டேன்னு வெச்சுக்க, அப்பவும் புடிக்கும்." இரண்டு பக்கமும் பேசிவிட்டு டீ சொன்னார்.

வழியெல்லாம் அவர், "கேட்டியா, புடிக்கும்னுட்டாரு." நான், "கேட்டீங்களா, புடிக்காதுன்னுட்டாரு." சிரித்தோம். கால் போனதற்கப்புறம் சேர்ந்து சிரித்தது இன்றைக்குத்தான்.

ஆனால் வீட்டுக்கு வந்து ஹேண்ட் பிரேக் போடவில்லை.

மே 9

பிரேக்கைப் பற்றிக் கேட்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். வாய் நிற்கமாட்டேன் என்கிறது.

டிசம்பரில் சுனாமி அலை வந்த காலையில் அவர் படுக்கையில் இருந்தார். சரண்யா கண்ணில் இல்லை. தேடித் தேடி ஓடினேன். உப்பளத்தில் வேலை செய்யும் சவரியம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் நின்றிருந்தாள். அதிலிருந்து, அசையாமல் இருக்கிற எதையும் நான் நம்புவதில்லை — கடலோ, வண்டியோ. இதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? "என்னை நம்பலன்னு சொல்லு" என்பார்.

ஜூன் 17



உப்புக் குடோன் சரிவில் நிறுத்தினார். பழைய முதலாளி கூப்பிட்டார் என்று அவசரம். லாரிக்காரப் பழக்கம் — லிவரைப் பார்க்கிங்கில் போடாமல் நியூட்ரலில் விட்டு இறங்கிவிட்டார். நான் கல் வைக்கலை, வேணாம்னு சொல்லிட்டாரே. வண்டி சத்தமே இல்லாம பின்னால வருது. பின்னாடி குழந்தை உப்பை அள்ளி விளையாடிக்கிட்டு நிக்குது. சவரியம்மா கூடையைப் போட்டுட்டு ஓடியாந்து பிடிச்சு இழுத்தா. வண்டி உப்புக் குவியல்ல மோதி நின்னுச்சு.

குழந்தைக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான். அவ்வளவுதான்.

"உப்புலதானப்பா இடிச்சுது, கரைஞ்சா போவும்" என்று யாரோ சிரித்தார்கள்.

அவர் ஓடிவரப் பார்த்து விழுந்துவிட்டார். நான் தூக்கப் போகவில்லை. அத்தனை பேர் முன்னாடியும் கத்தினேன் — "ஒரு காலு போனது பத்தலையா உங்களுக்கு?"

சொல்லிட்டேன்.

ஜூன் 18

அவருக்குத் தட்டில் போட்டு வைத்த சோறு அப்படியே இருக்கிறது.

ஜூலை 3

அவர் சரண்யாவைத் தூக்குவதில்லை. அவளாக மடியில் ஏறினால் கையை எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார், உடையும் பொருள் பக்கத்தில் இருப்பது மாதிரி. நான் என்ன செய்துவிட்டேன்?

ஆகஸ்ட் 1

மெட்ராஸில் ஒரு கம்பெனிக்கு நம்ம வண்டியையே ஓட்டும் வேலையாம் அவருக்கு. விலாசம் எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது வாசலில் கிடந்த கல்லைத் தூக்கி டிக்கியில் வைக்கப் போனேன்.

"அது இங்கயே இருக்கட்டும் ரேணு."

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை.

அக்டோபர் 27

மழை விடவில்லை. பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டு, "பாப்பா நல்லா இருக்குதா?" என்று கேட்டு வைத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை.

ஜனவரி 22, 2006

கலியபெருமாள் வந்தான். லோடு இறக்க மெட்ராஸ் போன இடத்தில் அவரைப் பார்த்தானாம்.

"அண்ணன் ரொம்ப மாறிட்டாரு அண்ணி. சமதரையிலகூட ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டுத்தான் எறங்குறாரு. என்னாண்ணே இதுன்னு கேட்டேன். கல்லு வெக்க ஆள் இல்லடான்னாரு."

அவனுக்குக் காபி போடுகிறேன் என்று உள்ளே போனேன். பால் பொங்கி வழிந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து நாளைக்குத் தபாலில் போடப்போகிறேன். உங்களுக்குத்தாங்க. பிரேக்கைப் பத்தி இனிமே ஒண்ணும் கேக்க மாட்டேன். சரண்யா வாசல்ல அந்தக் கல்லு மேல உக்காந்துதான் சாப்பிடறா, ரோட்டைப் பாத்துக்கிட்டு. அன்னைக்கு நான் வந்து உங்களைத் தூக்கியிருக்கணும். சாப்பிட்டீங்களா? காலு வலிக்குதா? சீக்கிரம் பதில் போடுங்க.